ஏழு சுவருக்குத் தண்ணீர்

ரேவதி,

இன்ஜினியர் நஸ்ரீன் ஒரு வெள்ளைத் தாளைக் கையில் கொடுத்து, "பத்து வரி போதும்மா, மகளை வாழ்த்தி எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் பயிற்சியின் நிறைவு விழா. பயிற்சி முடித்த எட்டுப் பேருடைய வீட்டாரும் எழுதிக் கொடுப்பதை அட்டையில் ஒட்டி, பழையபேட்டையில் நீங்கள் பயிற்சி எடுத்த வீட்டின் முற்றத்தில் வைக்கப் போகிறார்களாம். ஊர்க்காரர்கள் வந்து சுவர்களையும் பார்ப்பார்கள், இதையும் படிப்பார்கள். எனக்கு வாழ்த்து வரவில்லை. உன்னிடம் வேறு ஒன்று சொல்ல வேண்டும். நேரிலேயே சொல்லலாம் என்று நாலு தடவை வாயெடுத்தேன். ஒவ்வொரு தடவையும் "சாப்புட்டியா" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். திங்கட்கிழமை நீ வேலைக்கென்று காரைக்குடிக்குப் பஸ் ஏறுகிறாய், அதற்குள் சொல்லியாக வேண்டும். கல்லாவிப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த கை இது. எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. எனக்கு உன் மேல் பொறாமை. பெற்றவளுக்குப் பெண் மேல் பொறாமை வருமா என்று கேட்கிறவர்கள் வீட்டுக்குப் போய் அவரவர் அம்மாவைக் கேட்டுப் பார்க்கட்டும். எனக்கு வந்தது. சோறு தொண்டையில் இறங்காத அளவுக்கு வந்தது. அந்தப் பொறாமையில் நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் அது எங்கிருந்து வந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நியாயம் பேசுவதற்காகச் சொல்லவில்லை, நியாயம் ஒன்றும் இதில் கிடையாது.

நான் சித்தாள். உனக்குத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஓசூரிலும் மத்திகிரியிலும் சூளகிரிப் பக்கத்திலும் கம்பெனிகள் வந்தபோது, அங்கே வேலைக்கு வந்தவர்களுக்கென்று வரிசை வரிசையாக வாடகை வீடுகள் எழும்பினவே, அவற்றில் எத்தனையோ வீட்டுக்கு என் தலை வழியாகத்தான் கலவை ஏறியது. முப்பது வருஷம். கட்டியது கொத்தனார்கள், தூக்கியது நாங்கள். எங்கள் மேஸ்திரிக்கு வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், திட்டுவதற்கு மட்டும் கன்னடம். ஆம்பளைகள் கையாளாக வந்தால் மூன்றே வருஷத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவார்கள். என்னோடு சேர்ந்து மணல் சலித்தவர்கள் மேஸ்திரியாகி, பைக் வாங்கி, என்னையே "ஏம்மா, வெரசா வா" என்று அதட்டியிருக்கிறார்கள். பொம்பளை சித்தாளாக வந்தால் இடுப்பு போகிற வரைக்கும் சித்தாள். இப்படித்தான் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஏன் இப்படி என்று எங்களில் யாரும் கேட்கவும் இல்லை.

ஒரே ஒரு தடவை நான் கரண்டி பிடித்தேன். இதை உன்னிடம் சொன்னதில்லை. நீ அப்போது வயிற்றில் ஐந்து மாதம். மத்திகிரியில் ஒரு லைன் வீட்டு வேலை. கொத்தனார் உங்கப்பாதான். அவருக்கு நல்ல காய்ச்சல், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சிமெண்டு மூட்டைக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்துவிட்டார். குழைத்த கலவை வீணாய்ப் போகிறதே என்று அவர் கரண்டியை எடுத்தேன். பொய் எதற்கு, கலவைக்காக எடுக்கவில்லை, ஆசைக்காக எடுத்தேன். மட்டத்துக்குக் கட்டிய நூல் அப்படியே இருந்தது. மூன்று வரிசை செங்கல் வைத்தேன். மேஸ்திரி சாப்பிட்டுவிட்டு வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்தார், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். "பாத்தியாம்மா, காச்சல்லயும் உன் வூட்டுக்காரன் கை எப்பிடி நிக்குதுன்னு" என்றார். உங்கப்பா என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், "ஆமாங்க" என்றார். சாயங்காலம் ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்கி வந்து கொடுத்து, "இனிமே இது வேணாம், ஆளுங்க சிரிப்பாங்க" என்றார். நான் பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். அவர் நல்ல மனுஷன்தான், ஒரு நாள் கை நீட்டினதில்லை. போய் ஆறு வருஷமாகிறது. ஆனாலும் அந்த மூன்று வரிசையை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தத் தெரு வழியாக டவுன் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பேன். இப்போது மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள்.

இதெல்லாம் தெரியாமல்தான் நீ பழையபேட்டைக்குப் போனாய். வாரம் பூராவும் கம்பெனி பஸ்ஸில் ஓசூருக்குப் போய் ஷிஃப்டு பார்த்துவிட்டு, சனி ஞாயிறு வீட்டில் காலை நீட்டிப் படுக்க வேண்டியவள், பழைய வீடுகளைக் காப்பாற்ற ஊர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று ஓடினாய். இடிக்க இருந்த ஒரு மச்சு வீட்டை அதன் சொந்தக்காரர் பயிற்சிக்கென்று விட்டுக் கொடுத்திருந்தார். அங்கே சிமெண்டே கிடையாது. சுண்ணாம்பு, மணல், கடுக்காய் ஊறிய தண்ணீர், கொஞ்சம் வெல்லம். ஒரு ஆட்டோ டிரைவர், ஒரு டீச்சர், மளிகைக்கடை வைத்திருப்பவர் என்று உன்னையும் சேர்த்து எட்டுப் பேர். சொல்லிக்கொடுக்க வந்த நஸ்ரீனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. முதல் வாரமே வந்து சொன்னாய்: "அம்மா, சுண்ணாம்பு அரைக்க, சுவத்துக்குத் தண்ணி தெளிக்க, வாரம் பூரா ஒரு ஆளு வேணுமாம். உன்னைச் சொல்லிட்டு வந்துட்டன்." நல்லதுக்குத்தான் சொன்னாய். மூன்றாவது மாடிக்குச் சட்டி தூக்குவதைவிட நிழலில் நின்று சுண்ணாம்பு அரைப்பது மேல்தான். வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை எட்டுப் பேருக்கும் கரண்டி கொடுத்தார்கள். மரப்பிடி போட்ட புதுக் கரண்டி. நஸ்ரீன் உன் பெயரைக் கூப்பிட்டு உன் கையில் கொடுத்தாள், எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கையெல்லாம் சுண்ணாம்பு, தட்டினால் சத்தமே வரவில்லை. கம்பெனியில் நட்டு முடுக்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கு வந்த இரண்டாவது வாரத்தில் கரண்டி! இதில் நஸ்ரீன் மைக்கைப் பிடித்து, "பெண்கள் நிறையப் பேர் கட்டட வேலைக்கு வரணும்" என்றாள். நான் அவளுக்கு நேர் எதிரில்தான் நின்றேன், தலையில் சும்மாட்டோடு. முப்பது வருஷமாக வந்துகொண்டுதானடி இருக்கிறோம் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

உன் கை நன்றாக ஓடியது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ கன்னாபின்னா என்று பூசியிருந்தால், "அட போடி, நகரு" என்று சிரித்திருப்பேன், பக்கத்தில் நின்று பதமும் சொல்லியிருப்பேன். ஆட்டோக்காரர் பூசியதெல்லாம் கீழே விழுந்துகொண்டிருந்தது, அவரோடு எனக்கு நல்ல சிநேகிதம். உன் பக்கம் மட்டும் வர மாட்டேன். ஒரு நாள் நீ சாரத்தில் நின்றுகொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், "கலவை!" என்று குரல் கொடுத்தாய். கொத்தனார்கள் கூப்பிடுகிற அதே குரல். அம்மா என்று ஒரு வார்த்தை இல்லை. முப்பது வருஷப் பழக்கம், என் கால் தன்னால் ஓடியது. சட்டியைக் கொண்டுவந்து உன் காலடியில் வைத்தேன். நீ வழித்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிவிட்டாய். வேண்டுமென்று செய்யவில்லை, வேலை மும்முரம், எனக்குத் தெரியாதா. ஆனாலும் அன்றைக்கு எனக்குக் காது அடைத்துப் போயிற்று. ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்: எங்கே வேலைக்குப் போனாலும் சட்டி கொண்டுவருகிறவளுடைய பெயரை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள். கலவை என்று கத்துவதற்குப் பதில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடு.

அந்த வாரமே பேப்பரில் படம் வேறு வந்தது. நீ கரண்டியோடு சிரிக்கிறாய். ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறதே, அது என்னுடையது. எதிர்வீட்டு மல்லிகா பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, "குடுத்து வச்சவ நீ, பொண்ணு கொத்தனாரு ஆயிட்டாளே" என்றாள். "முழங்கையப் பாரு, அது நான்" என்றேன். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்போது அந்தக் காரியத்துக்கு வருகிறேன். எட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு சுவர் பூசி, மூலையில் சாக்பீஸால் பெயர் எழுதி வைத்துவிட்டுப் போனீர்களே, அந்த வாரம். சுண்ணாம்புப் பூச்சு அவசரமாகக் காய்ந்தால் வெடித்துவிடும், ஈரச் சாக்கு தொங்கவிட்டு மூன்று வேளை தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று நஸ்ரீன் என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். நீங்கள் எல்லாரும் உங்கள் உங்கள் பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டீர்கள். திங்கட்கிழமையிலிருந்து அந்த எட்டுச் சுவரோடு நான் தனியாக இருந்தேன்.

வரிசையாகத் தெளித்துக்கொண்டே வந்தேன். ஆறாவது சுவர் உன்னுடையது. அழகாக இருந்தது, ரேவதி. மூலை பிசிறில்லாமல் வந்திருந்தது. உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன், ஒரு மேடு பள்ளம் இல்லை. தடவிவிட்டு, அதன் மேல் தொங்கிய சாக்கை எடுத்தேன். முற்றத்து வெயில் நேராக அடிக்கிற சுவர் அது. சாக்கைச் சுருட்டிக் கீழே போட்டுவிட்டு ஏழாவது சுவருக்குப் போய்விட்டேன். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், நீயும் நம்புவாய். மறக்கவில்லை. மத்தியானமும் உன் சுவரைத் தாண்டிப் போனேன், சாயங்காலமும் தாண்டிப் போனேன். செவ்வாய், புதன் அப்படித்தான். அந்த இடம் வந்தால் மட்டும் என் கால் கொஞ்சம் வேகமாக நடந்தது. வியாழக்கிழமை காலையில் பார்த்தபோது பழைய பீங்கான் தட்டில் இருக்கிற மாதிரி மெல்லிய கோடுகள் சுவர் பூராவும் ஓடியிருந்தன. பயந்துபோய்ப் பக்கெட் பக்கெட்டாக ஊற்றினேன். சாக்கைத் திரும்பத் தொங்கவிட்டேன். கோடு அப்படியே இருந்தது.

சனிக்கிழமை நஸ்ரீன் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள். டொக்கு டொக்கு என்று வெறும் சத்தம். "இது நிக்காது ரேவதி, கொத்தி எடுத்துடலாம்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "தண்ணி சரியா தெளிச்சீங்களாம்மா?" என்று கேட்டாள். "எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான் தெளிச்சேன்" என்றேன். நீ சட்டென்று, "எங்கம்மா வேலையில தப்பே இருக்காது மேடம்" என்றாய்.

அதற்கு மறுநாள்தான் பழைய வீடுகளைப் பார்க்க ஊரைக் கூட்டிய நாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், கடைக்காரர்கள், குடும்பம் குடும்பமாகத் தெருத் தெருவாக நடந்து கடைசியில் நம் முற்றத்துக்கு வந்தார்கள். அவரவர் தன் சுவருக்கு முன்னால் நின்று எப்படிப் பூசினோம் என்று சொன்னார்கள். ஆட்டோக்காரர்கூட ஜம்பமாகச் சொன்னார். நீ செங்கல் தெரியக் கொத்திப்போட்ட சுவருக்கு முன்னால் நின்றாய். மைக்கை வாங்கி, "இது என் தப்புங்க. என் கையில அழுத்தம் பத்தலை, அதான் வெடிச்சிடுச்சு. பூசும்போது எப்படிச் செய்யக் கூடாதுன்னு இதைப் பார்த்துத் தெரிஞ்சிக்குங்க" என்றாய். குரல் உடையவில்லை. நான் மோர் டம்ளர்த் தட்டோடு கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒரு எட்டு முன்னால் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மோரைக் கொடுத்துக்கொண்டே நின்றேன்.

வீட்டுக்கு நடந்து போகும்போது கேட்டாய்: "எனக்குக் கை வராதாம்மா?"

"எல்லாருக்கும் வந்துருமா?" என்றேன்.

அதைச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சுவரைக் காய விட்டதை எழுதிவிட்டேன், இதை எழுதத்தான் கை கூசுகிறது. அந்த ராத்திரி நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

நீ அந்தச் சுவரை மறுபடி பூசினாய். இந்தத் தடவை நான் ஐந்து வேளை தெளித்தேன், சாக்கைக் காற்றுகூட நகர்த்தாதபடி கயிறு போட்டுக் கட்டினேன். நின்றது. ஒரு கோடு இல்லை. அப்பாடா, செய்ததற்கு ஈடு கட்டியாயிற்று என்று நினைத்தேன். நீ வந்து என் தோளைக் கட்டிக்கொண்டு, "நீ பார்த்துக்கிட்டதாலதாம்மா நின்னுச்சு, என் கை எங்க" என்றாய். செருப்பைக் கழற்றி இரண்டு அடி போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதோடும் போகவில்லை. போன வாரம் காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழைய வீடுகளைச் செப்பனிடுகிறவர்கள் ஆள் எடுக்க வந்தார்கள். முற்றத்தில் பெஞ்சு போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார்கள். நான் பின்னால் சுண்ணாம்பு சலித்துக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. "சுவர் வேலைக்கா, கலவைப் பக்கமா, எதுல போடட்டும்?" என்று கேட்டார்கள். நீ யோசிக்கவே இல்லை. "கலவைக்கே போட்டுக்குங்க சார். சுவத்துக்கு எனக்குக் கை பத்தாது. கலவைன்னா எங்கம்மாவைப் பார்த்துப் பார்த்து எனக்கு நல்லா வரும்" என்றாய். என் பெண் சித்தாள் வேலையைத் தன் வாயாலேயே கேட்டு வாங்குகிறாள், அதுவும் என்னைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு. உனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான். மூன்று நாள், ஒரு நாளைக்கு மூன்று வேளை, பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன்.

நேற்று நஸ்ரீனிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "ஏம்மா?" என்றாள். "எனக்கு யாரும் கரண்டி குடுக்கலை" என்றேன். அறுபதை நெருங்குகிற பொம்பளை, சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டு சொன்னேன். "நீங்க கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கேட்காதவர்கள் உன் கண்ணுக்குத் தெரிய மாட்டார்களா என்று அவளையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதும் பொய்யில்லை. உங்கப்பாவிடம் நான் வாய் திறந்து கேட்டதில்லை, மேஸ்திரியிடம் கேட்டதில்லை, இவளிடமும் கேட்கவில்லை. கேட்காமலே இருந்துவிட்டு, தானாகப் போய்க் கேட்டுச் சேர்ந்த உன்னைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன்.

நஸ்ரீன் காரைக்குடிக்குப் போன் போட்டுப் பேசினாள். அவர்கள் சொன்னது இதுதான்: முதல் நாள் ஒரு சுவர் கொடுத்துப் பார்க்கிறோம், ஆனால் அந்தப் பெண்ணே வந்து கேட்க வேண்டும், விருப்பமில்லாத ஆளைச் சாரத்தில் ஏற்ற மாட்டோம். "நான் சொன்னா ரேவதி நம்ப மாட்டா. உங்களைக் காப்பாத்தத்தான் பார்ப்பா. நீங்கதான் சொல்லணும்" என்றாள் நஸ்ரீன். அதனால்தான் இவ்வளவு நீளம். இதையும் அட்டையில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். நீ மைக்கில் உன் தப்பு என்று சொன்னதைக் கேட்ட ஊர் இதையும் படிக்கட்டும்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. நீ காரைக்குடியில் உயரமாக ஒரு சாரத்தில் நின்று பூசுவதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. எரிந்துவிட்டுப் போகட்டும், அது என் பாடு. என்னோடு பேசாமல் பஸ் ஏற வேண்டுமென்றால் ஏறு, நான் பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. நீ முதல் தடவை பூசியபோதே அந்தச் சுவர் நின்றிருக்கும், ரேவதி. உன் கையில் ஒரு குறையும் இல்லை. அங்கே இறங்கியதும் வாயைத் திறந்து கேள், சுவர் வேலை வேண்டும் என்று கேள்.

அம்மா